மாறாத ஜீன், பாதியான ஆயுள்

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு எப்போதாவது ‘சிஸ்டாட்டின் சி’ என்று எழுதிய சீட்டு வரும். யூரியா, கிரியாட்டினின் மாதிரி தினப்படி டெஸ்ட் இல்லை, காசும் கூட. சதை வற்றிப்போன வயசாளிகளுக்கு கிரியாட்டினினை மட்டும் நம்பிச் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்ல முடியாது என்று தோன்றினால் டாக்டர்கள் இதைக் கேட்பார்கள். மிஷினில் போடுவோம், ஒரு எண் வரும், ரிப்போர்ட்டில் அடித்துக் கொடுத்துவிடுவோம். எங்களைப் பொறுத்தவரை இது கிட்னி டெஸ்ட், அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் புரதத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நேரடி உறவு ஒன்றும் இல்லை. உடம்பில் கரு உள்ள எல்லாச் செல்லும் இதைத் தயாரிக்கிறது. சிறுநீரகம் இதை வடிகட்டிச் சிதைத்துவிடுகிறது என்பதால், ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்து வடிகட்டியின் திறனைச் சொல்கிறோம். சிஸ்டாட்டினின் சொந்த வேலை வேறு. புரதங்களை வெட்டித்தள்ளும் சில நொதிகள் அத்துமீறாமல் பார்த்துக்கொள்வது அது. 120 அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சங்கிலி. அதில் 68ஆவது இடத்தில் லியூசின் இருக்க வேண்டும். அந்த இடத்தில் குளூட்டமின் வந்து உட்கார்ந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. மூளையின் ரத்தக் குழாய்கள் வெடிக்கும். அதுவும் இருபது, முப்பது வயதுக்குள். பிரஷர் கிடையாது, சர்க்கரை கிடையாது, நேற்று வரை நன்றாக நடமாடிய பிள்ளை. இந்த மாற்றத்தைச் சுமப்பவர்களின் சராசரி ஆயுள் இன்றைக்கு 30 வயது.

ஐஸ்லாந்தில், சில வம்சங்களில் மட்டும் இருக்கிற நோய் இது. ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்டால், அந்த 30 என்ற எண்தான் காரணம். அது எப்போதும் 30ஆக இருந்ததில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஜீனோடு பிறந்தவர்கள் சராசரியாக 65 வயது வரை வாழ்ந்திருக்கிறார்கள். ஜீன் அப்படியேதான் இருக்கிறது. ஆயுள்தான் பாதிக்கும் கீழே போய்விட்டது. படித்த நாளிலிருந்து இது என்னை விடவில்லை.

கதைக்குள் போகும் முன் அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரோக்கில் இரண்டு ஜாதி. ஒன்று குழாய் அடைத்துக்கொள்வது. நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை இதுதான். இன்னொன்று குழாய் உடைந்து ரத்தம் கொட்டுவது. எண்ணிக்கையில் குறைவு, உயிர்ச்சேதத்தில் அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும். எது எது என்று தீர்மானமாகச் சொல்ல சி.டி. ஸ்கேன் வேண்டும். ஸ்கேன் எடுக்கும் முன்னால் ‘ரத்தம் உறையாமல் இருக்கட்டும்’ என்று வீட்டிலேயே ஆஸ்பிரினைக் கொடுத்துவிட்டுக் கூட்டிவருகிற பழக்கம் நம்மூரில் பரவிக்கொண்டிருக்கிறது. மாரடைப்புக்குச் சொன்னதை மூளைக்கும் பொருத்திவிட்டார்கள். உள்ளே குழாய் உடைந்திருந்தால் அந்த மாத்திரை எந்தப் பக்கம் வேலை செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சி.டி. ஸ்கேன் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971இல், லண்டனில். அதற்கு முன்பு, செத்தபின் மண்டையைத் திறந்து பார்த்தால்தான் எந்த வகை என்று நிச்சயமாகத் தெரியும். அப்படியொரு காலத்தில், 1935இல், ஆர்னி ஆர்னசன் என்கிற ஐஸ்லாந்து டாக்டர் ஓர் ஆய்வேட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். திடீர்ப் பக்கவாதமும் அது பரம்பரையாக இறங்குவதும் பற்றியது. அவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. கிராமப் பகுதிகளில் வைத்தியம் பார்த்த டாக்டர். நாட்டின் மேற்குக் கரையில் ப்ரெய்தாஃபியர்துர் என்றொரு அகன்ற வளைகுடா. அதைச் சுற்றியுள்ள பண்ணைகளில் சில குடும்பங்களில் வாலிப வயதிலேயே ஆட்கள் பக்கவாதத்தில் சாய்வதை அவர் கவனித்தார். அப்பனுக்கு வந்தது, பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்தது, ஆண் பெண் பேதமில்லாமல் வந்தது. தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்தார்.

ஆர்னசன் என்றால் ஆர்னியின் மகன். ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் வழக்கமில்லை, அப்பா பெயர்தான். நம் இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் அங்கே பிரதமரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். குடும்பப் பெயரே இல்லாத ஊரில் எட்டு, பத்துத் தலைமுறைக்கு ஒருவன் யாருடைய வாரிசு என்று எப்படிச் சொல்வது? அதற்கு அவர்களிடம் வேறு ஏற்பாடு இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆர்னசன் கண்டது எதனால் வருகிறது என்று தெரிய இன்னும் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் பிடித்தது. 1972இல், இந்தக் குடும்பங்களில் இறந்தவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்த குழு, சின்னத் தமனிகளின் சுவரில் அமிலாய்டு படிந்திருப்பதைக் காட்டியது. அமிலாய்டு என்பது ஒரே ஒரு பொருள் இல்லை. பல வேறு புரதங்கள் தங்கள் உருவம் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத நாராகப் படிந்துவிடுகிற நிலை. காங்கோ ரெட் என்று ஒரு சாயம் உண்டு, முதலில் துணிக்குப் போடத்தான் செய்தார்கள். அதைத் திசுவில் ஏற்றித் துருவ ஒளியில் பார்த்தால் அமிலாய்டு இருக்கிற இடமெல்லாம் பச்சையாக மின்னும். மூளைக்குள் ஓடுகிற தமனிகளின் சுவர் உடம்பின் மற்ற தமனிகளைவிட மெலிது. அதில் இருக்க வேண்டிய தசைச் செல்கள் செத்து அந்த இடத்தில் அமிலாய்டு நிரம்பினால், குழாய் வெயிலில் கிடந்து விறைத்த ரப்பர் டியூப் மாதிரி ஆகிவிடுகிறது. பிரஷர் ஏறவே வேண்டாம், சாதாரண அழுத்தத்துக்கே விரிசல் விடும்.

அந்த நார் எந்தப் புரதத்தில் ஆனது? 1983இல் விடை வந்தது: சிஸ்டாட்டின் சி. அடுத்த வருஷம் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்ஸ் க்ரூப்பும் ஐஸ்லாந்துக்காரர்களும் சேர்ந்து, இந்த நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் சிஸ்டாட்டின் அளவு வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். சாதாரணமாக அந்த நீரில்தான் இந்தப் புரதம் ஏராளமாக இருக்கும். சுவரில் போய் ஒட்டிக்கொண்டதால் நீரில் குறைகிறது. இதே க்ரூப்தான் சிஸ்டாட்டினை வைத்துச் சிறுநீரகத்தை அளக்கலாம் என்று எடுத்துச் சொன்னவர்களில் முன்னோடி. எங்கள் மிஷினில் ஓடும் டெஸ்டும் ஐஸ்லாந்து நோயும் ஒரே மேசையிலிருந்து கிளம்பியவை.

1988இல் ஆஸ்த்ரிதுர் பால்ஸ்டோட்டிர் என்ற பெண்மணியும் கூட்டாளிகளும் ஜீனில் உள்ள மாற்றத்தைப் பிடித்தார்கள். பெயரில் உள்ள ‘டோட்டிர்’ மகள், பாலின் மகள். நினைவில் வையுங்கள், இருபது வருஷம் கழித்து அவர் திரும்ப வருவார்.

நடுவில் 1994இல் ஒரு சின்ன ஆய்வு. மாறுபட்ட சிஸ்டாட்டினைக் குழாயில் போட்டு வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். 37 டிகிரியில் இரண்டிரண்டாக ஒட்டத் தொடங்குகிற புரதம், 40 டிகிரியில் அதைவிட இரண்டரை மடங்கு வேகமாக ஒட்டியது. 40 டிகிரி செல்சியஸ் என்றால் நம் கணக்கில் 104 டிகிரி காய்ச்சல். எனவே இந்த ஜீன் உள்ளவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் ‘தானாக இறங்கட்டும்’ என்று விடாமல் உடனே தணிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஜீன் ஒரு சாய்வைத்தான் தருகிறது, சுற்றுச்சூழல் தள்ளிவிடுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் இதில் இருக்கிறது. அப்போது யாரும் அதை அந்தக் கோணத்தில் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

இப்போது ஐஸ்லாந்தின் ஏற்பாட்டுக்கு வருகிறேன். 1703இல் அந்த நாடு தன் மக்கள் அத்தனை பேரையும் பெயர், வயது, வீட்டோடு எழுதியது. மொத்தம் 50,358 பேர். ஒரு முழு நாட்டையே பெயர் பெயராக எழுதிய மிகப் பழைய கணக்கெடுப்புகளில் அது ஒன்று. அந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒவ்வொரு தேவாலயத்திலும் பாதிரியார் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதியும் வந்தது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் மிகக் குறைவு. வம்சாவளி எழுதுவது அங்கே ஆயிரம் வருஷத்துப் பொழுதுபோக்கு. டிகோட் என்ற ஜீன் ஆய்வு நிறுவனம் இதையெல்லாம் கணினியில் ஏற்றி, நாட்டில் எந்த இரண்டு பேரை எடுத்தாலும் எந்த முப்பாட்டனில் போய்ச் சேர்கிறார்கள் என்று காட்டும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது.

2008இல் பால்ஸ்டோட்டிரும் டிகோட் ஆட்களும் சேர்ந்து இந்தப் பதிவேடுகளையும் ஜீன் பரிசோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இன்றைக்கு இந்த மாற்றத்தைச் சுமக்கும் எல்லாருமே, சுமார் 18 தலைமுறைக்கு முன் பிறந்த ஒரே மனிதரிடமிருந்து அதைப் பெற்றவர்கள் என்று தெரிந்தது. அது வரைக்கும் ஆச்சரியமில்லை. சின்னத் தீவில் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

அடுத்த கணக்குதான் விசேஷம். 1800களில் செத்தவருக்கு ஜீன் பரிசோதனை செய்ய முடியாது. ஆனால் சிலரைச் சந்தேகமே இல்லாமல் அடையாளம் காணலாம். ஒரு கிழவியின் ஒரு மகன் வழிப் பேரப்பிள்ளைகளிடம் இந்த ஜீன் இருக்கிறது, இன்னொரு மகள் வழிக் கொள்ளுப்பேரன்களிடமும் இருக்கிறது என்றால், கிழவியிடமிருந்தோ அவள் புருஷனிடமிருந்தோதான் அது வந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போனால் யார் என்றும் தெரிந்துவிடும். நடுவில் இருக்கிற அந்த மகனும் மகளும் அதைக் கட்டாயம் சுமந்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. அப்படிக் ‘கட்டாயம் சுமந்தவர்கள்’ ஒவ்வொருவரும் எந்த வருஷம் பிறந்தார்கள், எந்த வருஷம் செத்தார்கள் என்று பாதிரியார் எழுதிவைத்திருக்கிறாரே. அதை வரிசையாக அடுக்கினார்கள்.

1825ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்குச் சராசரி 65 வயது. ஊரில் மற்றவர்கள் எப்படியோ அப்படித்தான் இவர்களும் கிழமாகிச் செத்திருக்கிறார்கள். அதன் பிறகு பிறந்தவர்களின் ஆயுள் தலைமுறைக்குத் தலைமுறை இறங்குகிறது. 1900இல் பிறந்தவர்களுக்கு வரும்போது 30ஐத் தொட்டுவிட்டது. நாட்டில் மற்ற எல்லாருடைய ஆயுளும் ஏறிக்கொண்டிருந்த அதே முக்கால் நூற்றாண்டில், இவர்களுடையது மட்டும் விழுந்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் மட்டும் என்றால் இன்னொரு ஜீன் கூட வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். ஒன்றுக்கொன்று விலகிப்போன பல கிளைகளிலும் ஒரே காலத்தில் நடந்திருக்கிறது.

கூடவே இன்னொரு புதிர். ஜீன் அம்மா வழியாக வந்தால், அப்பா வழியாக வந்தவர்களைவிட ஏறக்குறைய 9 வருஷம் முன்னதாகச் சாகிறார்கள். இந்த வித்தியாசமும் அதே காலத்தில்தான் தலைகாட்டுகிறது, முன்பு இல்லை.

என்ன நடந்தது அந்த 75 வருஷத்தில்? ஐஸ்லாந்தில் விறகு அபூர்வம். கடல் சுற்றிலும் இருந்தும் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுக்க எரிபொருள் கிடையாது, நம் தூத்துக்குடி வெயிலும் கிடையாது. அதனால் இறைச்சியையும் மற்றதையும் புளித்த மோர்த்தெளிவில் ஊறப்போட்டுக் காப்பாற்றினார்கள். மீனைக் காற்றில் காயவைத்து, வெண்ணெய் தடவித் தின்றார்கள். தானியம் வெளியிலிருந்து கப்பலில் வர வேண்டும், சாமானியனுக்கு எட்டாது. டென்மார்க்கின் வர்த்தக ஏகபோகம் 1787இல் முடிந்து, 19ஆம் நூற்றாண்டில் வியாபாரம் பெருகியபோது மாவு வந்தது, சர்க்கரை வந்தது, காபி வந்தது, உப்பு வந்தது. மோர்த்தெளிவின் இடத்தை உப்பு பிடித்தது. வீடு மாறியது, வேலை மாறியது, ஊர் மாறியது. ஆய்வாளர்கள் இந்த வாழ்க்கை மாற்றத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். இதில் எது குற்றவாளி என்று நிரூபிக்கப்படவில்லை. பழைய சோறும் மோரும் சாப்பிட்டிருந்தால் ஒன்றும் வந்திருக்காது என்று இதை வைத்து வாட்ஸ்அப் ஃபார்வர்டு தயாரிக்க யாராவது கிளம்பினால், தயவுசெய்து வேண்டாம். உப்பா, சர்க்கரையா, நோய்த்தொற்றா, இன்னும் யாரும் யோசிக்காத ஒன்றா என்பதை 19ஆம் நூற்றாண்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

இந்த மாதிரிக் கணக்குகளில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கட்டாயம் சுமந்தவர் என்று ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அவருக்குப் பிள்ளை பிறந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே செத்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். பழைய காலத்தில் அப்படி எத்தனை பேர் விடுபட்டார்களோ. இதனால் பழைய சராசரி கொஞ்சம் தூக்கலாகத் தெரியலாம் என்பது உண்மை. ஆனால் பிள்ளை பெற்றவர்களை மட்டும் எடுத்தாலும், அறுபது எழுபது வயது வரை வெடிக்காமல் இருந்த குழாய்கள் ஏன் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இருபத்தைந்தில் வெடித்தன என்ற கேள்வி அந்த ஓட்டை வழியாக நழுவிப் போகவில்லை.

இன்னொரு ஊர் இருக்கிறது, கொஞ்சம் அங்கேயும் போய்வரலாம். நெதர்லாந்தில் லைடன் நகருக்குப் பக்கத்தில் காட்வைக் என்ற மீனவ ஊர். அங்கேயும் பக்கத்து ஸ்கேவனிங்கனிலும் சில குடும்பங்களில் ஐம்பது வயதை ஒட்டி மூளையில் ரத்தக் கசிவு. அதுவும் அமிலாய்டுதான், ஆனால் புரதம் வேறு. அந்தப் புரதத்தின் கதை கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. 1984இல் ஜார்ஜ் க்ளென்னர், அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளை உறையிலுள்ள ரத்தக் குழாய்களைச் சுரண்டி, அதில் படிந்திருந்த அமிலாய்டைப் பிரித்தெடுத்தார். இன்று உலகமே பேசுகிற பீட்டா அமிலாய்டு இதுதான். மறதி நோயின் பிரதான வில்லன் என்று சொல்லப்படும் பொருளை முதலில் எடுத்தது மூளைச் சதையிலிருந்து இல்லை, குழாய்ச் சுவரிலிருந்து. 1990இல், ஐஸ்லாந்து நோயிலும் வேலை செய்திருந்த நியூயார்க் பல்கலைக்கழகக் குழு, காட்வைக் குடும்பங்களில் இந்தப் புரதத்தின் 22ஆவது இடத்தில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தது. அந்தப் புரதத்தின் ஜீனில் நோய் உண்டாக்குகிற மாற்றம் ஒன்று கிடைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷமே லண்டனில் அல்சைமர் குடும்பம் ஒன்றில் அதே ஜீனில் இன்னொரு மாற்றம் பிடிபட்டது; அல்சைமர் ஆராய்ச்சி அந்தத் திசையில் ஓடத் தொடங்கியது. மீனவக் குடும்பங்களின் ரத்தக் கசிவு திறந்துவிட்ட கதவு அது. க்ளென்னர் 1995இல் இறந்தார். இதயத்தில் அமிலாய்டு படிகிற வேறொரு நோயால்.

இந்தக் குழாய்ச் சங்கதியை அல்சைமர் மருந்துக்காரர்கள் கொஞ்ச காலம் மறந்துவிட்டார்களோ என்று எனக்கு ஒரு மனக்குறை. பீட்டா அமிலாய்டை மூளையிலிருந்து துடைத்தெடுக்கும் லெக்கானெமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சுமார் 1,800 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து போட்டவர்களில் 17.3 சதவீதம் பேருக்கு மூளையில் நுண்கசிவு உள்ளிட்ட ரத்தத் தடயங்கள் ஸ்கேனில் தெரிந்தன; வெறும் திரவம் ஏற்றியவர்களுக்கு 9 சதவீதம். பலருக்கு அறிகுறி ஒன்றும் இல்லை என்பது ஆறுதல். சுவரோடு சுவராகிவிட்ட அமிலாய்டை உருவும்போது சுவருக்கு என்ன ஆகும் என்பதுதான் இதன் அடியில் இருக்கிற கேள்வி. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் வயதானதால் மட்டுமே குழாயில் பீட்டா அமிலாய்டு படிந்தவர்கள் ஏராளம். மூளையின் ஓரப் பகுதிகளில் முதியவர்களுக்கு வருகிற கசிவுகளில் பெரும் பங்கு இதற்கு உண்டு. அதனால் அந்த மருந்துக்கு முன் எம்.ஆர்.ஐ. கட்டாயம்.

அதே 2023இல் ஸ்வீடன், டென்மார்க் ரத்த வங்கிகளிலிருந்து வந்த ஒரு செய்தி என்னைப் போல ரத்தத்தோடு வேலை செய்கிறவனை நிமிர்ந்து உட்கார வைத்தது. ரத்தம் ஏற்றப்பட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ரத்தம் கொடுத்தவருக்குப் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப மூளைக் கசிவு வந்திருந்தால், அவர் ரத்தத்தை வாங்கியவருக்கும் மூளைக் கசிவு வரும் வாய்ப்பு ஸ்வீடனில் சுமார் 2.7 மடங்கு, டென்மார்க்கில் 2.3 மடங்கு. ஒரே ஒரு தடவை கசிவு வந்த கொடையாளிகளிடம் இந்த வித்தியாசம் தெளிவாக இல்லை. அமிலாய்டின் விதை ரத்தத்தில் கடக்குமோ என்பது சந்தேகம். காரண காரியம் நிரூபணமாகவில்லை, அப்படிப்பட்ட கொடையாளிகள் மிக மிகச் சொற்பம். ரத்த தானத்துக்கு இதைக் காட்டிப் பயப்படத் தேவையில்லை. ஆனாலும் ‘பரம்பரை’, ‘முதுமை’ என்று இரண்டு பெட்டிகளில் போட்டு மூடியிருந்த விஷயத்துக்கு மூன்றாவது பெட்டி ஒன்றும் தேவைப்படலாம்.

சரி, நம்மூருக்கு வருவோம். இந்த மாதிரி எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போதுதான் கவுண்டரில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பவானிப் பக்கத்து ஊர், தறி ஓட்டியவர்.

“எங்கப்பனுக்கு அம்பத்தி ரெண்டுல தலைக்குள்ள ரத்தங் கட்டுச்சுங்க தம்பி. பெரியப்பனுக்கும் அப்படியேதானுங்க. எங்க வம்சத்துக்கே எழுதி வெச்சதுங்க அது.”

“உங்களுக்கு பிரஷர் பாத்தாங்களாங்க ஐயா?”

“நூத்தித் தொண்ணூறுன்னு சொன்னாங்க. மாத்தர குடுத்தாங்க. தலவலி நின்னு போச்சுங்க, அப்பறம் எதுக்குன்னு உட்டுட்டனுங்க.”

இவர் வம்சத்தில் இறங்குவது அனேகமாக பிரஷர். பிரஷரால் உடைகிற குழாய்கள் மூளையின் ஆழத்தில் உள்ள சன்னமான தமனிகள். அமிலாய்டால் உடைபவை பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியவை. இடமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். நம்மூரில் ஐம்பதுகளில் வருகிற கசிவைக் கேட்டால் பெரும்பாலும் கட்டுக்குள் வராத பிரஷர்தான் பின்னால் நிற்கும்.

அதுவும் ஒரு காலத்தில் விதியாகத்தான் இருந்தது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்டுக்கு 1944 மார்ச்சில் பிரஷர் 186/108. நாட்டின் முதல் மனிதர், கூடவே இதய நிபுணர் ஹோவர்டு ப்ரூயன். உப்பைக் குறைக்கச் சொன்னார், ஓய்வெடுக்கச் சொன்னார், அதற்கு மேல் பிரஷருக்கு உருப்படியான மருந்து கையில் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில் தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தபோது 300/190. அன்றே இறந்தார், மூளையில் ரத்தக் கசிவு. 1967இல், அதே அமெரிக்காவில், கீழ் அளவு 115இலிருந்து 129 வரை இருந்த 143 முன்னாள் ராணுவத்தினரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மாத்திரையும் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்தார்கள். மாவு மாத்திரைப் பக்கம் 27 பேருக்குப் பெரும் பாதிப்பு. மருந்துப் பக்கம் 2. இத்தனை சின்ன எண்ணிக்கையில் இத்தனை துல்லியமாகப் பேசிய சோதனைகள் மருத்துவத்தில் குறைவு. இருபத்தியிரண்டு வருஷத்தில் ஓர் அதிபருக்குக் கிடைக்காதது ஒரு சிப்பாய்க்குக் கிடைத்துவிட்டது.

குழாய் உடைந்தபிறகு செய்வதற்கு வெகுகாலம் ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது. மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தால் பிழைப்பார்களா என்று 1,033 பேரிடம் பார்த்து 2005இல் வெளியான பெரிய ஆய்வு, மொத்தத்தில் பலனில்லை என்று கையை விரித்தது. ஆனால் 2023இல் வந்த ‘இன்டராக்ட் 3’ எனக்குப் பிடித்தமான ஆய்வு. புது மருந்து எதுவும் இல்லை. வந்த ஒரு மணி நேரத்துக்குள் பிரஷரை 140க்குக் கீழே இறக்கு, சர்க்கரையைக் கட்டுப்படுத்து, காய்ச்சலைத் தணி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரென்றால் அதை முறி. நான்கையும் ஒரே கட்டாகச் செய்வதுதான் சிகிச்சை. பத்து நாடுகள், 7,036 நோயாளிகள்; இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. கட்டாகச் செய்த இடங்களில் இறப்பும் முடக்கமும் குறைந்தன. இங்கேயும் காய்ச்சல் வருகிறது பாருங்கள். ஐஸ்லாந்து நோயில் சொன்ன காரணம் வேறு, இது அடிபட்ட மூளையைச் சூட்டிலிருந்து காப்பதற்கு. அந்தப் பெரியவரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “எழுதி வெச்சது பிரஷருங்க ஐயா, அத மாத்தர அழிச்சுரும். தலவலிக்குக் குடுத்த மாத்தர இல்லீங்க அது” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். சாப்பிடுகிறாரா தெரியாது.

ஐஸ்லாந்துக் குடும்பங்களுக்கு இப்படி ஒரு மாத்திரை வந்துவிட்டதா? பாதிப் பதில் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் ஜீன் ஆய்வு செய்யும் ஹாகோன் ஹாகோனர்சன் ஐஸ்லாந்துக்காரர். அவர் குழு, மாறுபட்ட சிஸ்டாட்டின் கும்பலாக ஒட்டுவதைச் செல்களில் உண்டாக்கி, எந்தப் பொருள் அதைப் பிரிக்கிறது என்று தேடியது. கிடைத்தது என்-அசிட்டைல் சிஸ்டைன். மருந்துக் கடைக்காரர்களுக்குப் பழக்கமான பெயர்: நெஞ்சுச் சளியை இளக்கத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை, பாராசிட்டமால் அளவுக்கு மிஞ்சினால் ஈரலைக் காப்பாற்றப் போடும் ஊசி. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது.

இந்த நோயில் புரதம் மூளையில் மட்டும் படிவதில்லை. தோலிலும் படிகிறது, அங்கே தொந்தரவு தருவதில்லை. அதனால் மூளையைத் தொடாமல் தோலில் சின்னத் துண்டு எடுத்தே எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஜீனைச் சுமக்கும் ஆறு பேருக்கு மருந்தைக் கொடுத்து, முன்னும் பின்னும் தோலை எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து பேருக்குப் படிவு 50 முதல் 90 சதவீதம் வரை குறைந்திருந்தது. 2021இல் இது வெளியானது. ஆறே பேர். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து எடுக்காத குழு இல்லை. தோலில் குறைந்தது மூளைத் தமனியிலும் குறைந்ததா என்று உயிரோடிருப்பவரிடம் வெட்டிப் பார்க்க முடியாது.

கசிவு உண்மையில் குறைகிறதா என்று காட்டப் பெரிய எண்ணிக்கையில் ஆள் வேண்டும். இந்த ஜீனைச் சுமப்பவர்களோ உலகம் முழுக்கத் தேடினாலும் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காணமாட்டார்கள். அவர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மாவு மாத்திரை கொடுத்து, யாருக்கு வெடிக்கிறது என்று பத்து வருஷம் காத்திருக்க எந்த நெறிமுறைக் குழு சம்மதிக்கும்? அதனால் இப்போதைக்குத் தோலில் தெரிகிற படிவும், தொடர்ந்து எடுக்கிற எம்.ஆர்.ஐ.யில் புதிய நுண்கசிவு தோன்றுகிறதா என்பதும்தான் அளவுகோல். அம்மா வழியில் வந்தால் ஏன் ஒன்பது வருஷம் குறைகிறது என்ற கேள்வியை இந்த மாத்திரை தொடவே இல்லை.